ஒட்டிக்கிடந்த பத்தொன்பதாம் அதிகாரம்

திருகோணமலைப் பாலையூற்றில் இருந்த பேணாட் உபதேசியார் உலகத்தின் முடிவுக்காக மிகுந்த ஆசையோடு காத்திருந்தவர். சுங்கக் கந்தோரில் கிளாக்கராக இருந்து ஓய்வுபெற்றவருக்கு வேறு என்ன வேலை? காலையில் வேதத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷம், மத்தியானம் தூக்கம், பின்னேரம் சைக்கிளில் துறைமுகக் கரை. அந்தப் புத்தகத்தில், உலக முடிவில் கடலிலிருந்து எழும்பும் மிருகத்துக்குப் பத்துக் கொம்பு. ஆகவே துறைமுகத்தில் பத்துப் போர்க்கப்பல் நிற்கிற நாளில் காரியம் முடியும் என்பது அவருடைய ஆராய்ச்சி.

இதற்கு ஏற்கெனவே இரண்டு மாப்பிள்ளைகள் பலியாகியிருந்தார்கள். ஒரே மகள் இன்பமலருக்கு முதற் சம்பந்தம் பேசியபோது போலந்து விழுந்தது. இரண்டாவதன்போது பாரிஸ் விழுந்தது. "உலகம் முடியேக்கை கலியாணம் என்னத்துக்கு?" என்று இரண்டையும் தட்டிவிட்டார். போலந்துக்காகவும் பாரிசுக்காகவும் பாலையூற்றில் ஒரு பெண் இருபத்தொன்பது வயதுவரை கன்னியாக இருந்தாள். அந்த இடங்களுக்கு இந்தத் தியாகம் கடைசிவரை தெரியவில்லை.

மூன்றாவதாக வந்தவன் கிறிஸ்தோபர். கடற்படைத் தளத்தில் பாரந்தூக்கி ஓட்டுபவன். சபை வழக்கப்படி கலியாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஆலயத்தில் கலியாண அறிவித்தலான ஓலையை வாசித்து, ஆட்சேபம் உண்டா என்று கேட்கவேண்டும். போதகர் இல்லாத நாட்களில் வாசிப்பவர் உபதேசியார். அதாவது பெண்ணின் தகப்பன். 1942 மார்ச்சில் இரண்டு ஓலை வாசித்தார். மூன்றாவது, உயிர்த்தெழுந்த ஞாயிறன்று. முதல்நாள் கரையிலிருந்து முகம் மலர்ந்து வந்தார்.

"தம்பி, பத்து நிக்குது. நாளைக்கு எக்காளம் ஊதும். இனி ஓலை தேவையில்லை."

"மாமா, அதிலை ரெண்டு தண்ணி ஏத்திற கப்பல். கொம்பிலை சேராது" என்றான் கிறிஸ்தோபர்.

ஞாயிறன்று ஓலை வாசிக்கப்படவில்லை. எக்காளமும் ஊதவில்லை. குண்டு கொழும்பில் விழுந்தது. நாள் சரி, முகவரிதான் பிழை என்று உபதேசியார் திருப்திப்பட்டார். விசாரிக்க வந்த போதகர், "இது நாட்காட்டி இல்லை, ஐயா. உரோமை ஆட்சியிலை நொந்த சனத்துக்கு யோவான் எழுதின ஆறுதல்" என்றார். இளம் ஆள், படிக்கப் படிக்கத் தெளியும் என்று உபதேசியார் அவரை மன்னித்தார்.

கிறிஸ்தோபரின் தாய் மன்னிக்கவில்லை. "வாற ஞாயிறும் வாசிக்காட்டி மூதூர்ப் பக்கம் பொம்பிளை பாப்பன்" என்று சொல்லியனுப்பினாள். இன்பமலர் அழவில்லை. கலியாணச் சேலையை மடித்து அலுமாரியின் அடித்தட்டில் வைத்தாள்.

வியாழன் காலை யப்பானிய விமானங்கள் திருகோணமலைக்கே வந்துவிட்டன. இத்தனை வருடம் வருந்தி அழைத்த விருந்தாளி வாசலுக்கு வந்ததும் உபதேசியார் குசினி மேசைக்கடியில் ஒளிந்தார். நிலம் அதிர்ந்தது. சீனக்குடாப் பக்கம் வானம் கறுத்தது.

"முடிஞ்சுது பிள்ளை" என்றார், வேதத்தை நெஞ்சோடு அணைத்தபடி.

பக்கத்தில் குந்தியிருந்த இன்பமலர் அதைப் பிடுங்கினாள். "எங்கை முடிஞ்சுது? நீங்கள் பதின்மூண்டாம் அதிகாரம் தாண்டவேயில்லையே."

உண்மைதான். மிருகம் வருகிற அதிகாரம்வரை ஓரங்கள் விரல்பட்டுக் கறுத்திருந்தன. அதற்கப்பால் தாள்கள் பொன்விளிம்பு ஒட்டியபடியே, வாங்கிய நாள்போல இருந்தன. ஒவ்வொரு யுத்தச் செய்திக்கும் அவர் முதலிலிருந்து தொடங்கியிருந்தார். அவள் நகத்தால் தாள்களைப் பிரித்தாள்.

"இஞ்சை பாருங்கோ, பத்தொன்பதிலை ஆட்டுக்குட்டியானவருக்கு, கர்த்தருக்கே, கலியாணம். இவ்வளவு அழிவுக்குப் பிறகும் அவர் அதை நிப்பாட்டேல்லை. நீங்கள் என்ரதை மூண்டு தரம் நிப்பாட்டிப்போட்டியள்." புகை எழும்பிய பக்கம் திரும்பினாள். "எனக்குப் பேசினவரும் தளத்திலைதான் நிக்கிறார், அப்பா."

உபதேசியார் புத்தகத்தை வாங்கினார். குண்டுச் சத்தம் ஓய்ந்த பிறகும் மேசைக்கடியிலேயே இருந்து கடைசி அதிகாரம்வரை வாசித்தார். கண்ணீர் எல்லாம் துடைக்கப்படும் என்ற இடத்தில் அவருடைய மூக்குக்கண்ணாடி நனைந்துபோயிற்று.

மத்தியானம் கிறிஸ்தோபர் வந்தான். ஒரு புருவம் கருகியிருந்தது.

"இப்ப எத்தினை கொம்பு, மாமா?"

"கதையை விட்டிட்டுக் கையைக் கழுவு. சாப்பிடுவம்" என்றார்.

ஞாயிறன்று ஊர் பாதி காலி. ஆலயத்தில் எட்டுப்பேர், முன்வாங்கில் கிறிஸ்தோபரின் தாய். தவறிய ஞாயிறைப் போதகர் காணாததுபோல விட்டிருந்தார். உபதேசியார் மூன்றாம் ஓலையை வாசித்து, ஆட்சேபம் உள்ளவர்கள் சொல்லலாம் என்றார். பிறகு சபையைப் பார்க்காமல், ஓடு விழுந்த இடைவெளியால் வானத்தைப் பார்த்து, சற்று நேரம் காத்திருந்தார்.

மேலேயிருந்து ஆட்சேபம் எதுவும் வரவில்லை.