உள்ளங்கால்

பட்டாளத்தில் சேருவதற்காக, வற்றிக் கிடந்த பரளச்சிக் கண்மாய்க்குள் வெறுங்காலில் ஓடிப் பழகினேன். செருப்புப் போட்டால் வேகம் குறையும் என்பது எங்கள் ஊர் இளந்தாரிகளின் முட்டாள்தனமான நம்பிக்கை. தைத்த கருவேல முள்ளைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஓடினேன். முறிந்து உள்ளே தங்கிய நுனிகளெல்லாம் காலாணி ஆயின.

ஆள் எடுத்த அன்று ஓட்டத்தில் நான்தான் முதல். அடுத்து டாக்டர் என் உள்ளங்காலைக் கட்டைவிரலால் அழுத்தினார். உயிர் போய் வந்தது.

“இந்தக் காலில் பூட்ஸ் போட்டு எப்படி நடப்பாய்?” என்று வெளியே அனுப்பிவிட்டார். ஆணி ஆறுவதற்குள் எனக்கு வயது கடந்துவிடும்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம், “ஓட்டத்துல மொதல்ல வந்தேம்ப்பா” என்றேன்.

“மொதல்ல வந்தவன எவன்டா திருப்பி அனுப்புவான்?” என்றவர், ஆடு மேய்க்கிற கம்பை என் கையில் கொடுத்தார்.

வாங்கிக்கொண்டேன்.