விழித்துவிட்டதாகச் சொல்லப்பட்டவர்

"ஏனுங்கம்மா, சார் முழிச்சுக்கிட்டாருன்னு போட்டிருக்குதுங்களே!" என்று கைப்பேசியை நீட்டினாள், நோயாளியைப் பார்த்துக்கொள்ளக் கிளியூரிலிருந்து வந்துபோகும் பெண். அவள் நின்ற இடத்துக்குப் பக்கத்திலேயே கட்டிலில் சார் படுத்திருந்தார். கண்கள் திறந்திருந்தன. எதையும் பார்க்கவில்லை. அவர் மனைவியான பேராசிரியர் கைப்பேசியை வாங்கி முழுக்கப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "அவரைத் திருப்பிப் படுக்க வைக்கணும். ஒரு கை பிடி" என்றார். அவ்வளவுதான்.

நான் ஏற்காட்டில் வீட்டிலிருந்தபடியே வேலை பார்க்கிறவன். ஆராய்ச்சிக் கட்டுரைகளைப் பற்றி இணையத்தில் எங்கெங்கே பேச்சு எழுகிறது என்று கணக்கெடுத்து, அதை ஒரு எண்ணாக்கி, எழுதியவர்களுக்கு மாதாமாதம் அறிக்கை அனுப்பும் வேலை. பேராசிரியர் கணவரோடு இந்த ஊருக்கே குடிவந்துவிட்டதால், அவருக்கு மட்டும் நேரில் கொண்டுபோய்க் காட்டுவேன். இசைக்கும் உணர்வுநிலைக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தவர் அவர். நினைவின்றிக் கிடப்பவர்களுக்குப் பழகிய பாட்டைப் போட்டால் மூளையில் என்ன நடக்கிறது என்பது அவருடைய கேள்வி. சிலரிடம் ஒரு சிறு மாற்றம் தெரிகிறது, அதை விழிப்பு என்று சொல்ல முடியாது என்று எழுதியிருந்தார். அந்தக் கட்டுரை வெளிவந்த பிறகுதான் மூளையில் ரத்தம் கசிந்து அவருடைய கணவர் விழுந்தார். ஆராய்ச்சிக்கும் அவர் விழுந்ததற்கும் சம்பந்தமே இல்லை.

யாரோ ஒரு தளத்தில் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டார்கள். பாட்டால் கணவரை எழுப்பிய பேராசிரியை என்று தலைப்பு. அதுவரை சீந்துவாரற்றுக் கிடந்த கட்டுரையின் எண் மளமளவென்று ஏறியது. பழைய மாணவர்கள் வாழ்த்தினார்கள். பேராசிரியர் மறுப்பு எழுதினார். அதை யாரும் பகிரவில்லை.

"பொய்யா வந்ததையெல்லாம் கழிச்சுட முடியாதா?" என்று கேட்டார்.

"பேச்சைத்தான் மேடம் எண்ணுறோம். சரியா தப்பான்னு பார்க்கிறதில்லை."

தலையசைத்தார். கோபம் வந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அந்த நாட்களில் அவர் முகத்தில் எதுவும் வரவில்லை. என் முகத்திலும் வரவில்லை என்றுதான் நினைக்கிறேன். அறிக்கையை மேசையில் வைப்பேன், தேநீர் குடிப்பேன், பனியில் நடந்து திரும்புவேன்.

ஒரு நாள் நான் அங்கே இருக்கும்போதே மஞ்சக்குட்டையிலிருந்து ஜீப் பிடித்து ஒருவர் வந்தார். எஸ்டேட் வேலைக்காரர், நடுத்தர வயது. அவருடைய அம்மா நினைவில்லாமல் கிடக்கிறாராம். "முழிச்ச சாரை ஒருக்கா பாத்துட்டுப் போலாமுன்னு வந்தனுங்க" என்றார். வாசலிலேயே உண்மையைச் சொல்லி அனுப்பிவிடுவார் என்று நினைத்தேன். பேராசிரியர் அவரை உள்ளே அழைத்துப்போய்க் கட்டிலருகே நாற்காலி போட்டார். வந்தவர் சாரின் கண்களை நெடுநேரம் பார்த்தார்.

"நம்மளப் பாக்கறாருங்களா?"

"இல்லைங்க. கண்ணு திறந்திருக்கு, அவ்வளவுதான். போட்டிருந்தது பொய்."

வந்தவர் கைகளைத் தொடைமீது வைத்துக்கொண்டார். பிறகு, "அப்ப பாட்டுப் போட வேண்டாமுங்களா?" என்று கேட்டார்.

"போடுங்க. கெடுதல் ஒண்ணும் இல்லை. ஆனா எழுந்துருவாங்கன்னு நினைச்சுப் போடாதீங்க."

அந்த மாத அறிக்கையில் எண் இன்னும் ஏறியிருந்தது. வழக்கம்போல் கொடுத்தேன்.

மழை தொடங்கியபோது சார் இறந்துபோனார். வந்தவர்கள் குறைவு. அதில் மஞ்சக்குட்டைக்காரரும் ஒருவர். எல்லாம் முடிந்து மற்றவர்கள் கலைந்த பின் அவர் பேராசிரியருக்கு முன்னால் வந்து நின்றார்.

"அம்மா எப்படி இருக்காங்க?" பேராசிரியர்தான் முதலில் கேட்டார்.

"அப்பிடியேதானுங்க இருக்குது. முழிக்கலீங்க. பாட்டு மட்டும் போடறோமுங்க. முந்தியெல்லாம் அந்த ரூமுக்குள்ள ஒருத்தரும் போகமாட்டாங்க, பயந்துக்குவாங்க. இப்பப் பாட்டு ஓடுறப்ப ஊட்ல எல்லாரும் அங்கதானுங்க உக்காந்திருக்கறோம். சோறே அங்கதான் திங்கறோமுங்க."

காலையிலிருந்து நின்றுகொண்டே இருந்த பேராசிரியர் அப்போதுதான் உட்கார்ந்தார். பக்கத்து நாற்காலியை அவருக்குக் காட்டினார்.

"என்ன பாட்டு போடுறீங்க?" என்றார்.