டர்போ செக்‌ஷன் லூர்துராணி

கணவர் அடைக்கலராஜ் மஞ்சள்காமாலையில் இறந்த ஆறாவது மாதம், 1975ஆம் வருடம் தை மாதத்தில், லூர்துராணிக்குப் பொன்மலை டீசல் ஷெட்டில் வேலை கிடைத்தது. பணியில் இருக்கும்போது இறந்தவரின் மனைவி என்ற முறையில் ரயில்வே கொடுத்த வேலை. அவளுக்கு அப்போது இருபத்தைந்து வயது, மகள் ரோசரிக்கு மூன்று. ஆபீசில் பைல் எடுத்துக் கொடுக்கிற இடம் ஒன்று காலியாகப் போகிறது, அதுவரை ஒரு மாதம் மட்டும் இங்கே நில்லுங்கள் என்று சொல்லி, கழற்றிய எஞ்சின் பாகங்களை மண்ணெண்ணெயில் கழுவுகிற தொட்டிக்கு அனுப்பினார்கள். ஒரு மாதம் கழித்து ஆபீசிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டபோது லூர்துராணி போகவில்லை.

காரணம் கேட்டவர்களிடம் அவளால் சரியாகச் சொல்ல முடியவில்லை. தொட்டிக்கு வந்த சாமான்களில் டர்போ என்று ஒன்று இருந்தது. செயின் புல்லி போட்டுத் தூக்கி வைக்கிற கனம். உள்ளே ஒரே தண்டின் இரண்டு முனையிலும் இரண்டு சக்கரங்கள். எஞ்சினிலிருந்து வீணாக வெளியே போகிற புகை ஒரு சக்கரத்தைச் சுற்றும். அந்தச் சுற்றிலேயே மறுமுனைச் சக்கரமும் சுழன்று, வெளிக்காற்றை இழுத்து அழுத்தி எஞ்சினுக்குள் திணிக்கும். காற்று கூடினால் கூடுதல் டீசலை எரிக்கலாம். அதே ஆறு சிலிண்டர் எஞ்சின் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு பலத்தோடு இழுக்கும். எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொள்கிற புகையை வைத்து இப்படி ஒரு வேலை வாங்க முடியும் என்பதை அவள் கரி படிந்த சக்கர இதழ்களைத் தேய்த்துக்கொண்டே கேட்டுத் தெரிந்துகொண்டாள். அன்று முழுக்க அவளுக்கு வேறு நினைப்பே ஓடவில்லை.

அவள் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள். செக்‌ஷனில் இருந்த இங்கிலீஷ் கையேட்டை மதியச் சாப்பாட்டு நேரத்தில் எடுத்துவைத்து, டிக்‌ஷனரி பார்த்துப் பார்த்து நாலு வருடத்தில் முதலிலிருந்து கடைசிவரை படித்து முடித்தாள். 1979இல் பிட்டர் வேலைக்கான பரீட்சைக்குப் பெயர் கொடுத்தபோது, கூட வேலை பார்த்தவர்களில் பாதிப்பேர் சிரித்தார்கள், பாதிப்பேர் பயந்தார்கள். பரீட்சை எடுத்த அதிகாரி, எஞ்சினை நிறுத்திய பிறகு டர்போவில் எதைப் பார்ப்பாய் என்று கேட்டார். எஞ்சின் நின்றாலும் டர்போவின் தண்டு உடனே நிற்காது, தானாகச் சுற்றிக்கொண்டிருக்கும், அது எத்தனை வினாடி சுற்றுகிறது என்று கடிகாரத்தை வைத்துப் பார்ப்பேன், சீக்கிரம் நின்றுவிட்டால் பேரிங்கில் கோளாறு என்று அர்த்தம் என்றாள். அவர் அடுத்த கேள்வியைக் கேட்கவில்லை. அந்த மாதக் கடைசியில் லூர்துராணி டர்போ செக்‌ஷன் பிட்டர் ஆனாள்.

பழுதாகி வந்த ஒவ்வொரு டர்போவும் எதனால் போனது என்று ஒரு நோட்டில் எழுதிவைப்பது அவள் பழக்கம். ஆறு வருடத்தில் இரண்டு நோட்டு நிறைந்தது. அதைப் புரட்டியபோதுதான் அவளுக்கு ஒன்று விளங்கியது. தானாகக் கெட்டுப்போன டர்போ மிக மிகக் குறைவு. மற்றதெல்லாம் எண்ணெய் கிடைக்காமலோ, அழுக்கு எண்ணெயாலோ, தூசி புகுந்தோ போனவை.

1985இல் ரோசரி எட்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தாள். அவளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள் தென்னூர் ஆபிதா. ஆபிதாவின் வாப்பா ஹபீபுல்லா ஒன்பது வருடம் துபாயில் ஒரு பெரிய முதலாளிக்குக் கார் ஓட்டியவர். அங்கே அவர் ஓட்டிய அதே மாதிரி டர்போ டீசல் கார் ஒன்றை, ஊர் திரும்பும்போது கப்பலில் கொண்டுவந்திருந்தார். நாலு சிலிண்டர், இரண்டேகால் லிட்டர் எஞ்சின். டர்போ இல்லாத அதே எஞ்சினுக்கு எழுபது குதிரைத்திறன், இதற்குத் தொண்ணூற்றைந்து. திருச்சியில் அப்படி ஒரு கார் அப்போது வேறு யாரிடமும் இல்லை. முதல் மூன்று மாதம் அதைப் பார்ப்பதற்கென்றே தெருவுக்கு ஆட்கள் வந்தார்கள்.

பத்தாவது மாதம் டர்போ போய்விட்டது. மெட்ராஸில் ஒரு கம்பெனியில் புதிது போட்டார்கள். ஏழு மாதத்தில் அதுவும் போனது. மூன்றாவதையும் போட்டு, குடும்பத்தோடு திண்டுக்கல் கல்யாணத்துக்குப் போகையில், வையம்பட்டி தாண்டியதும் பின்னால் நீலப்புகை கிளம்பிக் கார் இழுக்காமல் நின்றது. பட்டுப்புடவையும் நகையுமாக அவர் மனைவி நசீரா பஸ்ஸுக்காக வெயிலில் ஒரு மணி நேரம் நின்றாள். இந்த எஞ்சின் நம் நாட்டுக்குச் சரிவராது, டர்போவைக் கழற்றி எறிந்துவிட்டுச் சாதாரண எஞ்சினாக ஓட்டுங்கள் என்று மெட்ராஸ் கம்பெனி கைவிரித்துவிட்டது. உள்ளூர் மெக்கானிக் மதுரைவீரனும் அதையேதான் சொன்னார். சொந்தக்காரர்கள் ஹபீபுல்லாவைப் பார்த்தால் சலாமுக்குப் பதிலாகக் காரைப் பற்றி விசாரித்தார்கள். ஆபிதா இதையெல்லாம் ரோசரியிடம் சொல்லி அழ, ரோசரி வீட்டில் வந்து சொன்னாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் லூர்துராணி தென்னூருக்குப் போனாள். நசீரா அவளை வரவேற்று உட்காரவைத்தாள். ரயில் எஞ்சினில் வேலை பார்க்கிற பெண் என்று கேள்விப்பட்டிருந்தாலும், நேரில் பார்த்தபோது ஹபீபுல்லாவுக்கு நம்பிக்கை வரவில்லை. மரியாதைக்காக வாசலில் நின்ற காரைக் காட்டினார். லூர்துராணி மூடியைத் திறக்கச் சொல்லவில்லை. துபாயில் இதே மாதிரி காரை எப்படி ஓட்டினார் என்று கேட்டாள்.

அங்கே இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓட்டியும் ஒரு நாள்கூடப் படுத்ததில்லை என்றார் அவர்.

"அது சரிங்க பாய். ஓட்டிக்கிட்டு வந்து நிறுத்துறீங்கல்ல, நிறுத்தினதும் என்ன செய்வீங்க?"

இது என்ன கேள்வி என்று அவர் யோசித்தார். முதலாளி இறங்கிப் போவார், வருகிறவரை நான் ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு உள்ளேயே இருப்பேன், அந்த வெயிலில் எஞ்சினை யார் அணைப்பார்கள் என்றார்.

"இங்க?"

"இங்க எங்கம்மா... சந்து வேற. புகை வீட்டுக்குள்ள வருதுன்னு எதுத்த வீட்டுல சத்தம் போடுறாங்க. வாசலுக்கு வந்ததும் சாவியத் திருப்பிடுவேன்."

லூர்துராணி எழுந்துவிட்டாள். மதுரைவீரனின் பட்டறைக்குக் காரை இழுத்துக்கொண்டு போகலாமா என்று கேட்டாள். என்னால் கூலி எதுவும் வாங்க முடியாது, ரயில்வே வேலையில் இருப்பவள், தெரிந்த பிள்ளையின் வீடு என்பதற்காகத்தான் பார்க்கிறேன் என்பதையும் அப்போதே சொல்லிவிட்டாள்.

மதுரைவீரன் நல்ல வேலைக்காரர், பிடிவாதக்காரரும்கூட. டர்போவைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். லூர்துராணிக்கு அதைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. பொன்மலையில் புல்லி போட்டுத் தூக்குகிற சாமான் இங்கே ஒரு உரித்த தேங்காய் அளவுக்கு உட்கார்ந்திருந்தது. ஆனால் அந்தச் சின்னத் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்குமேல் சுழலக்கூடியது. அவள் டர்போவைத் தொடாமல், அதற்கு எண்ணெய் கொண்டுவருகிற விரல் தடிமன் பைப்பைத்தான் கழற்றச் சொன்னாள். மதுரைவீரன் அதற்குள் ஒரு கம்பியை விட்டார். கம்பி பாதியில் நின்றது. பைப்பை நீளவாக்கில் அறுத்துப் பார்த்தபோது, அடிப்பிடித்த பாகு மாதிரி உள்ளே கரி இறுகிப்போயிருந்தது. எண்ணெய் போக ஊசித்துவாரம்தான் மிச்சம்.

இரண்டு தடவை டர்போவை மாற்றியவர்கள் ஒருவரும் இந்தப் பைப்பை மாற்றவில்லை. மதுரைவீரன் கட்டியிருந்த கையை அவிழ்த்தார்.

லூர்துராணி விளக்கினாள். வேகமாக ஓடிவந்த டர்போ நெருப்பாகக் கொதிக்கும். அதைக் குளிரவைப்பதும் அதன் தண்டைத் தாங்குவதும் எண்ணெய்தான். சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தால் எண்ணெய் அந்த நொடியே நின்றுவிடும், தண்டு மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும். உள்ளே தங்கிய எண்ணெய் அந்தச் சூட்டில் கருகிக் கரியாகும். தினம் கொஞ்சம் கொஞ்சமாகப் பைப் அடைபட, டர்போ எண்ணெய் இல்லாமல் தேய்ந்து செத்துப்போகும். துபாயில் வண்டி நின்ற பிறகும் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்ததால், எண்ணெய் ஓடி டர்போ மெல்ல ஆறியது. போதாததற்கு ஹபீபுல்லா லாரிக்கு ஊற்றுகிற எண்ணெயை ஊற்றி, பத்தாயிரம் கிலோமீட்டர்வரை மாற்றாமல் ஓட்டியிருந்தார்.

"எஞ்சின்மேல ஒரு குத்தமும் இல்லங்க பாய்," என்றாள். "நாமதான் அதைக் கொன்னிருக்கோம்."

ஹபீபுல்லா அந்த அறுத்த பைப்பைக் கையில் எடுத்துப் பார்த்தார். அவமானத்தைவிட அவருக்கு நிம்மதிதான் அதிகமாக இருந்தது. துபாயில் அவர் நம்பி ஓட்டிய மாதிரிக் கார் இங்கேயும் அவரை ஏமாற்றவில்லை.

பேரிங் சாமான்கள் துபாயிலிருந்து வந்த உறவுக்காரர் ஒருவர் கையில் வந்துசேர ஆறு வாரம் ஆனது. புதுப் பைப்பை மதுரைவீரனே செய்தார். லூர்துராணி இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு வந்து, தண்டின் ஆட்டத்தை டயல் கேஜ் வைத்து அளந்து, காரோடு வந்த கையேட்டில் போட்டிருந்த அளவுக்குள் வரும்வரை மூன்று முறை கழற்றி மாட்டினாள். எஞ்சினைக் கிளப்புவதற்கு முன்னால் டர்போவுக்குள் எண்ணெயைக் கையாலேயே ஊற்றி நிரப்பினாள். எஞ்சின் கிளம்பி, டர்போ சுழலும்போது வருகிற விசில் சத்தம் முதன்முதலாகக் கேட்டபோது மதுரைவீரன் அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினார், அவ்வளவுதான்.

சோதனைக்குக் கொடைக்கானல் மலை என்று முடிவு செய்தவர் ஹபீபுல்லா. மலை ஏறி இறங்காமல் யார் நம்புவார்கள் என்றார். 1986 மே மாதம், காலையில், ஹபீபுல்லா, நசீரா, மதுரைவீரன், லூர்துராணி, நடுவில் நெருக்கிக்கொண்டு ஆபிதாவும் ரோசரியும். வையம்பட்டியைத் தாண்டும்போது நசீரா உதடு அசைய ஓதிக்கொண்டிருந்தாள். லூர்துராணி தன் காதை மட்டும் நம்பி உட்கார்ந்திருந்தாள். விசில் சீராக வந்தது. மலையில் மூச்சுமுட்டிக்கொண்டு ஏறிய இரண்டு லாரிகளையும் ஒரு டூரிஸ்ட் பஸ்ஸையும் கார் மூன்றாவது கியரிலேயே தாண்டியபோது, மதுரைவீரன் சின்னப் பிள்ளை மாதிரி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிப் பின்னால் புகை வருகிறதா என்று பார்த்தார். வரவில்லை.

ஏரிக்கரையில் வண்டி நின்றது. பழக்கதோஷத்தில் ஹபீபுல்லாவின் கை சாவிக்குப் போனது.

"பாய், கைய எடுங்க," என்றாள் லூர்துராணி.

அவர் கையை எடுத்தார். ஆறு பேரும் நின்ற காருக்குள், ஓடுகிற எஞ்சினோடு மூன்று நிமிடம் உட்கார்ந்திருந்தார்கள். லூர்துராணி கடிகாரத்தைப் பார்த்துத் தலையசைத்த பிறகு அவர் சாவியைத் திருப்பினார். பிறகு இறங்கிப் பின்பக்கம் போய், முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார். அவர் அழுதது எல்லாருக்கும் தெரிந்தது.

அந்த மூன்று நிமிடம் அதன் பிறகு தென்னூர் சந்தில் சட்டமாயிற்று. எதிர்வீட்டுக்கு நசீராவே போய்ச் சமாதானம் பேசினாள். சந்துமுனையில் காரை நிறுத்திக் காத்திருந்துவிட்டு, பிறகு மெல்ல உருட்டிக்கொண்டு உள்ளே வருவது என்று ஏற்பாடு. எண்ணெய் ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை மாறியது. மதுரைவீரன் பட்டறைச் சுவரில் அதைப் பெயிண்டால் எழுதிவைத்தார். தொட்டியம் வாழைத் தோட்டக்காரர்கள், ஸ்ரீரங்கத்தில் கிளினிக் வைத்திருந்த டாக்டர் ரங்கநாயகி என்று டர்போ வண்டி வாங்கியவர்களெல்லாம் அந்தச் சுவருக்கு வந்தார்கள்.

ரங்கநாயகிதான் ஒருநாள் லூர்துராணியை ஸ்ரீரங்கத்தில் தன் வீட்டுக்கு அழைத்து, பொறியியல் கல்லூரியில் பேராசிரியராக இருந்த தன் தம்பிக்கு அறிமுகம் செய்தார். "நோயாளியைத் தொடறதுக்கு முன்னாடி அவன் எப்படி வாழறான்னு கேக்கணும். எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது அதுதான். நீங்க அதைக் காருக்குப் பண்ணியிருக்கேள்," என்றார். 1988 ஆடியில் அந்தக் கல்லூரியில் நூற்றுப்பத்து மாணவர்கள் முன்னால் லூர்துராணி ஒன்றரை மணி நேரம் தமிழில் பேசினாள். கேள்விகள் முடியாததால் அடுத்த வகுப்பை ரத்து செய்தார்கள். முன்வரிசையில் ஒரு மூலையில் மெட்ராஸ் கம்பெனியின் சர்வீஸ் என்ஜினீயர் உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் எழுந்துவந்து, மேடம், அந்தப் பைப் விஷயத்தை நாங்கள் எங்கள் ஆட்களுக்குச் சொல்லிக்கொடுக்கலாமா என்று கேட்டார். தாராளமாக என்றாள்.

1989 டிசம்பரில் ஹபீபுல்லாவின் கார் அதே டர்போவோடு ஒரு லட்சத்து எழுபதாயிரம் கிலோமீட்டரைத் தாண்டியது. ஒருமுறை திறந்து பார்த்துவிடலாமே என்று அவர் ஆசைப்பட்டார். மதுரைவீரன் கழற்றினார். லூர்துராணி டயல் கேஜை வைத்து, தண்டை முன்னும் பின்னும் அசைத்து முள்ளைப் பார்த்தாள். நம்பாமல் இன்னொரு முறை பார்த்தாள். அளவு கையேட்டில் இருந்த எல்லைக்குள்ளேயே இருந்தது. எதையும் மாற்றவில்லை. துடைத்து, எண்ணெய் ஊற்றி, மறுபடி மாட்டச் சொல்லிவிட்டு, மதிய ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று பொன்மலை பஸ்ஸைப் பிடிக்க நடந்தாள்.