மயக்க டாக்டருக்குச் சேர வேண்டிய ஒரு வார்த்தை

லிஃப்ட் மெக்கானிக்கின் தங்கையை, ஊசியை அதிகமாகப் போட்டு மயக்க டாக்டர் பிணமாக்கிவிட்டாராம். அப்புறம் அவளாகவே எழுந்து உட்கார்ந்தாளாம். தெரு முழுக்க இதே பேச்சு. விசாரித்ததில், அவள் சாகவும் இல்லை, ஊசி அதிகமும் இல்லை. தங்கை என்பது மட்டும் நிஜம்.

மெக்கானிக் கறார் பேர்வழி. பழுதான லிஃப்டைத் தொடுமுன், "யாராச்சும் உள்ளே கை வெச்சீங்களா? மறைக்காம சொல்லுங்க" என்று மாடி மாடியாகக் கேட்பார். அப்பேர்ப்பட்டவர்தான் ஆஸ்பத்திரியில் மறைத்தார்.

தங்கைக்கு மார்பில் புற்றுநோய். வேறொரு ஆஸ்பத்திரியில் கீமோ ஓடிக்கொண்டிருந்தது. விஷயம் புருஷனையும் அண்ணனையும் தாண்டவில்லை. கொட்டிய முடிக்குத் தைராய்டின் மேல் பழி போட்டாயிற்று. இந்த லட்சணத்தில் குடல்வால் வீங்கி அவசர ஆபரேஷன், புருஷன் வெளியூரில்.

"வேற ஏதாவது மருந்து எடுத்துக்கறாங்களா?" என்றார் மயக்க டாக்டர்.

பக்கத்தில் மாமியார். வலியில் சுருண்டிருந்த தங்கை அண்ணனை ஒரு பார்வை பார்த்தாள்.

"தைராய்டு மாத்திரை மட்டும்தான், டாக்டர்," என்றார் மெக்கானிக்.

தொண்டையில் குழாய் இறக்குவதற்காகத் தசைகளைத் தளர்த்தும் ஊசி போட்டார்கள். சற்று நேரத்தில் உடம்பே அதைக் கரைத்துவிட வேண்டும். அப்படிக் கரைக்க ரத்தத்தில் இருக்கிற சரக்கைக் கீமோ மருந்து முன்பே முடக்கி வைத்திருந்தது. ஆபரேஷன் முடிந்தும் அவளால் இமையைக்கூட அசைக்க முடியவில்லை. மூச்சு எந்திரத்தின் தயவில்.

டாக்டர் வெளியே வந்து மறுபடி கேட்டார். மெக்கானிக் கத்தினார்: "என்னத்தய்யா ஏத்தினீங்க? பேசிட்டிருந்த பொண்ணு." வராந்தா முழுக்கக் கேட்டது. பிறகு டாக்டரை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய்க் காதோடு கீமோவைச் சொன்னார். அது யாருக்கும் கேட்கவில்லை.

"மருந்து தானா இறங்கற வரைக்கும் தூங்க வெச்சிருப்போம். பயப்படாதீங்க." டாக்டர் அதற்குமேல் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

சாயங்காலம் குழாயை எடுத்தார்கள். தங்கைக்குக் குரல் கரகரத்தது.

"கொஞ்ச நேரம் முழிச்சிட்டுதாண்ணா இருந்தேன். எல்லாரும் பேசினது கேட்டுச்சு. ஒரு விரலைத் தூக்க முடியல."

"நீதானேம்மா சொல்லாதேன்னு பார்த்தே."

"சொல்லுன்னு பார்த்தேண்ணா."

அந்தப் பார்வையை அவர் எத்தனையோ தடவை மனசுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டார். இப்போதெல்லாம் அது பச்சையாக "சொல்லு" என்றுதான் சொல்கிறது.

வீடு திரும்பியதும் தங்கையே மாமியாரிடம் எல்லாவற்றையும் போட்டு உடைத்தாள். "என்கிட்ட மறைக்கிற அளவுக்கு நான் என்ன பேயா?" என்று மாமியார் அழுது தீர்த்தார். ஆக, மறைக்க இனி ஒன்றுமில்லை. டாக்டர் மேல் பழி மட்டும் அப்படியே நிற்கிறது.

போன வாரம் இஸ்திரிக் கடைக்காரர் கேட்டார்: "மச்சானுக்கு ஆபரேஷன். அந்த மயக்க டாக்டர்தானாம். வேற ஆளைக் கேக்கலாமாண்ணே?"

மெக்கானிக் சட்டையை வாங்கி, மடிப்பு நேராக இருக்கிறதா என்று வெகுநேரம் பார்த்தார்.

"உங்க இஷ்டம்," என்றார்.