ஐந்து கிலோ மணப்பெண்

கணினியில் மீன் வரைவது சுலபம். மூலையைப் பிடித்து இழுத்தால் வளரும், உள்ளே தள்ளினால் சுருங்கும். இந்த ஒரு வசதியை நம்பித்தான் நான் தொழிலில் இறங்கினேன்.

நாங்கள் திருநெல்வேலிச் சைவர்கள். கணவருக்கு வங்காளத்தில், கிடர்பூர் துறைமுக அலுவலகத்தில் வேலை. டாலிகஞ்சில் ஒரு மூன்று மாடி வீட்டின் மேல் தளத்தில் குடியிருந்தோம். தொண்ணூறுகளின் கடைசியில், பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு வீட்டில் கொட்டாவி விட்டுக்கொண்டிருக்கப் பிடிக்காமல் டி.டி.பி. வகுப்பில் சேர்ந்தேன். படித்ததை என்ன செய்வது என்று யோசித்தபோது கண்ணில் பட்டவை வங்காளிக் கல்யாணத்துச் சீர்த்தட்டுகள்.

கல்யாணத்தன்று காலை, மஞ்சள் பூசும் சடங்குக்கு மாப்பிள்ளை வீட்டிலிருந்து பெண் வீட்டுக்குப் போகும் தட்டுகள் அவை. தத்தோ என்பார்கள். ஒரு தட்டில் புடவையை மயிலாக மடித்து வைத்திருப்பார்கள், இன்னொன்றில் துவாலை அன்னமாகியிருக்கும். எல்லாவற்றுக்கும் நாயகி மீன். பெரிய ரோகு மீனுக்குப் புடவை கட்டி, மூக்குத்தி போட்டு, பொட்டு வைத்து, மணப்பெண்ணாக அனுப்புவார்கள். நான் இந்த அலங்காரங்களுக்கெல்லாம் வெட்டு மாதிரிகள் வரைந்து, சிடியில் போட்டு விற்றேன். வாங்கியவர்கள் கடையில் பிரின்ட் எடுத்து, தாங்களே வெட்டி ஒட்டிக்கொள்வார்கள். வெளிநாட்டிலிருந்துகூட மின்னஞ்சலில் கேட்டு வாங்கினார்கள். என் மீன்களுக்கு நல்ல பெயர். ஏதாவது கோணல் வந்தால் வெட்டியவர் கையைத்தான் குறை சொன்னார்கள், என்னைச் சொன்னதில்லை.

அப்போதுதான் கீழ்த்தளத்துப் பௌதி தன் ஒரே மகனுக்குப் பெண் பார்த்து முடித்தார். பௌதி என்றால் அண்ணி. அந்தத் தெருவே அவரை அப்படித்தான் கூப்பிட்டது. நான் அன்பளிப்பாகக் கொடுத்த சிடியை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார், முந்தானையால் துடைத்தார், திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"இதைத் தட்டுல வெச்சு அனுப்ப முடியுமா? பண்ணிக் குடு."

பெண் வீட்டார் ஹவுராக்காரர்கள். குறை கண்டுபிடிப்பதில் கைதேர்ந்தவர்கள் என்று நிச்சயதார்த்தத்தன்றே பௌதி எடை போட்டுவிட்டார். தட்டுகளில் ஒரு பிசகு நேர்ந்தால் ஆயுள் முழுக்கப் பேச்சு கேட்க வேண்டுமாம். நன்றாக அமைந்துவிட்டால் தன் சொந்தத்தில் வரும் கல்யாணங்கள் எல்லாம் எனக்கே என்றும் சொன்னார். அந்த ஊரில் ஒன்பது வருஷமாக இருந்தும், ஒரு காரியத்தை என்னை நம்பி யாரும் ஒப்படைத்ததில்லை. அவர் சொல்லி முடிப்பதற்குள் தலையாட்டிவிட்டேன்.

பன்னிரண்டு தட்டுகள். பதினொன்றுக்கு ஒரு சிரமமும் இல்லை. மீனுக்கு வந்தபோதுதான் கை நின்றது. திரையில் இருந்த மீனுக்கு அளவு என்று ஒன்று கிடையவே கிடையாது. பௌதியிடம் மீன் எவ்வளவு பெரிது என்று கேட்டேன். அஞ்சு கிலோ என்றார். வங்காளிக்கு அது போதும், உடனே கையை விரித்து நீளம் காட்டிவிடுவார்கள். எனக்குக் கிலோ என்றால் அரிசியும் கத்தரிக்காயும்தான். மேற்கொண்டு கேட்க வெட்கமாக இருந்தது. மீன் படம் விற்றுப் பெயர் வாங்கியவள், மீன் எத்தனை அடி என்று எந்த முகத்தோடு கேட்பேன்?

மீன் சந்தைப் பக்கம் போகத் தைரியமில்லை. காய்கறிப் பக்கம் போய் ஐந்து கிலோவில் ஒரு தடியங்காய் வாங்கிவந்தேன். மற்ற ஊர்க்காரர்கள் வெண்பூசணி என்பார்கள். நீள்வாட்டமாக, இரண்டு பக்கமும் குவிந்து, ஒரு சாயலில் மீன் மாதிரித்தான் இருந்தது. எடை ஒன்றென்றால் உருவமும் ஏறக்குறைய ஒன்றாகத்தானே இருக்கும் என்று முடிவு செய்தேன். நான் பி.எஸ்சி. கணிதம் படித்தவள் என்பதையும் வெட்கத்தோடு சொல்லிவிடுகிறேன்.

சாப்பாட்டு மேசைமேல் அதைக் கிடத்தி அளவெடுத்து, சிவப்புப் பனாரஸ் துணியில் கொசுவம் வைத்தே தைத்த புடவை, அட்டையும் ஜரிகையும் சேர்த்த கிரீடம், வளையத்தில் மூக்குத்தி எல்லாம் செய்தேன். பென்சிலால் கண்ணும் வரைந்தேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்த கணவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று பார்த்தார்.

"மூக்கும் முழியுமாத்தான் இருக்கா. வரன் பாத்தாச்சா?"

கண்ணும் திருஷ்டியும் படாமல் இரண்டு நாள் மின்விசிறிக்கு அடியில் வைத்திருந்தேன். உடைகளைக் கீழே ஒப்படைத்த பிறகு காயைக் கூட்டுக்கு நறுக்கினேன். கொஞ்சம் மனசு கேட்கவில்லை.

கல்யாணத்தன்று காலை ஏழரை மணிக்குக் கீழிருந்து கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் தாம்பாளத்தில் ஒரு மீன், இரண்டரை அடி நீளத்தில், பளபளவென்று கிடக்கிறது. என் புடவை அதன் வாலிலிருந்து பாதி உடம்புக்குத்தான் வந்தது, அதுவும் தொளதொளவென்று. கிரீடத்தைத் தலையில் வைத்தார்கள். அது செவுளைத் தாண்டி வழுக்கிக்கொண்டே போய் நடு வயிற்றில் நின்றது. மாப்பிள்ளையின் அத்தை, எல்லாருக்கும் பிஷிமா, மூக்குக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு பார்த்தார்.

"பொண்ணு வளர்ந்துட்டா, துணி வளரலையே."

யாரும் சிரிக்கவில்லை. ஒன்பது மணிக்கு வண்டி ஹவுராவுக்குக் கிளம்ப வேண்டும். பௌதியின் முகம் வெளுத்துவிட்டது. அவர் என்னைத் திட்டியிருந்தால் பரவாயில்லை. "ஏதாவது செய்" என்று மெதுவாகச் சொன்னார். அதைத் தாங்க முடியவில்லை.

வாழ்க்கையில் முதல்முறையாக மீனைத் தொட்டேன். சில்லென்று இருந்தது, பிடித்தால் நழுவியது. அந்த நேரம் ஊரில் என் அம்மா பூஜை அறையில் இருந்திருப்பாள், தெய்வாதீனமாக அவளுக்கு எதுவும் தெரியாது. பாதி உடம்புக்கு வருவது புடவை இல்லை, பாவாடை என்று சட்டென்று பட்டது. சிவப்பை வாலோடு இறுக்கிப் பின்னால் ஊசி குத்தினேன். தட்டு மூடுவதற்குத் தைத்திருந்த மஞ்சள் துணியைக் குறுக்கே தாவணியாகப் போட்டேன். நடுவில் நின்ற கிரீடத்தை அங்கேயே விட்டேன். அசல் ஒட்டியாணம். பாவாடை தாவணியில், தாமிரபரணிக் கரைப் பெண்ணைப் போல, அந்த ரோகு ஹவுராவுக்குப் புறப்பட்டுப் போயிற்று. பிஷிமா இது என்ன கோலம் என்று கேட்டார். எங்கள் பக்கம் கல்யாணமாகாத பெண்கள் இப்படித்தான் உடுத்துவார்கள் என்றேன். எனக்கே என்மேல் பெருமை தாங்கவில்லை.

மத்தியானத்துக்குள் அந்தப் பெருமை போய்விட்டது. தட்டுகளோடு போன உறவுக்காரர் திரும்பி வந்து நடந்ததைச் சொன்னார். பெண்ணின் மாமா பாவாடையின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, ஓகோ, மீன் ஆந்திராவிலிருந்து வந்திருக்கிறதா என்று கேட்டாராம். ஐஸ் பெட்டியில் ரயிலேறி வரும் தெற்கத்தி மீன் என்றால் வங்காளிக்கு இளப்பம். கல்யாணச் சீரில் அதை வைப்பது அவமானம். கூடியிருந்தவர்கள் எல்லாம் சிரித்திருக்கிறார்கள்.

பௌதி மாடியேறி வந்தார். உள்ளே வரவில்லை, நிலைப்படியிலேயே நின்றார்.

"என் வீட்டுக்காரர் விடியக்காலை குளத்தங்கரையில நின்னு, உயிரோட பிடிக்கவெச்சு வாங்கிட்டு வந்த மீன். நீ அதுக்கு உங்க ஊர் விலாசம் எழுதிட்டே."

இறங்கிப் போய்விட்டார். கணவருக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. அவரோடும் இரண்டு நாள் பேசவில்லை. கணினியைத் திறந்தால் என் மீன்கள் அழகழகாக, அளவே இல்லாமல் நீந்திக்கொண்டிருந்தன. இவற்றோடு நின்றிருக்கக் கூடாதா என்று என்னையே கடிந்துகொண்டேன். ஒரு நல்ல மனுஷியை அவள் சம்பந்தி வீட்டில் தலைகுனிய வைத்துவிட்டோமே என்பதுதான் பெரிதாக வலித்தது.

மூன்றாம் நாள் கீழே மருமகள் வரவேற்பு விருந்து. போகாமல் இருந்தால் அது இன்னொரு தப்பாகிவிடும் என்று போனேன். எனக்கென்று தனியாகச் சமைத்த பனீரோடு ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தேன். புதுப்பெண் பிஷிமாவிடம் ஏதோ கேட்க, அவர் என்னைச் சுட்டிக்காட்டி, "அதோ, மீன் தையல்காரி" என்று சபையறியச் சொன்னார். பெண் என்னைக் கூப்பிட்டாள். பௌதி பக்கத்திலேயே நின்றார். கையைத் துடைத்துக்கொண்டு போனேன்.

பெண் தன் தங்கையை உள்ளே அனுப்பி ஒரு பொட்டலத்தைக் கொண்டுவரச் சொன்னாள். பிரித்தால் சிவப்புப் பாவாடை, மஞ்சள் தாவணி, ஜரிகை ஒட்டியாணம். துணிகளை அலசி, இஸ்திரி போட்டு, மடித்து வைத்திருந்தாள்.

"மீனை வெட்ட எடுத்துட்டுப் போனப்ப இதைத் தூக்கிப் போடப் பாத்தாங்க, நான் விடல. அன்னிக்கு முழுக்கக் கல்யாண விரதம், பட்டினி, பயம் வேற. வேற ஊர்ப் பொண்ணு மாதிரி அது தட்டுல முழிச்சுக்கிட்டுக் கிடந்ததைப் பாத்துத்தான் எனக்குச் சிரிப்பே வந்துது." பிறகு மாமியார் பக்கம் திரும்பி, மாமா மூன்று துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டதையும், குளத்து மீன்தான் என்று அவரே ஒப்புக்கொண்டதையும் சொன்னாள்.

பாவாடையைக் கையில் வாங்கினேன். நான் அனுப்பிய எந்தப் படத்தையும் யாரும் அலசி மடித்து வைத்துக்கொண்டதில்லை. என்ன அலசியும் மீன் வாடை போகவில்லை. முகத்தருகே கொண்டுபோனேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சைவக்காரிக்கு வாடை ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லி யாரோ ஜன்னலைத் திறந்தார்கள்.

பௌதி மட்டும் என் முகத்தைப் பார்த்தார்.

"அடுத்த மாசம் என் தங்கை மகனுக்குக் கல்யாணம்" என்றார். "பதினாறு தட்டு."