ராமேஸ்வரத்தில் நாகம்மாள் மூட்டிய அடுப்பு

ராமேஸ்வரத்தில் எங்கே தங்கலாம், எங்கே சாப்பிடலாம் என்று அயனம்பாக்கத்தில் யாரைக் கேட்டாலும் எத்திராஜைத்தான் கைகாட்டுவார்கள். மனுஷன் மீசையைத் தடவிக்கொண்டு சொல்லுவார்: "சத்திரத்துல எடம் புடிச்சிக்கோ. கெளப்புக் கடைப் பக்கம் தலைவெச்சிப் படுக்காத, வயிறு பூடும். ஊட்லருந்தே சமைக்கிற கை ஒண்ண இட்டுகினு போயிடு." அவர் இட்டுக்கொண்டு போன கை அவருடைய தங்கை நாகம்மாள். கைக்கு மேலே ஒரு மனுஷி இருந்தாள் என்பதை அவர் ஒரு நாளும் சொன்னதில்லை.

நாகம்மாளைக் கள்ளிக்குப்பத்தில் கட்டிக்கொடுத்தார்கள். புருஷன் காலராவில் போனான். இடுப்பில் ஒரு பையனோடு அண்ணன் வீட்டுக்கு வந்தவளை, அண்ணி தாட்சாயிணி வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. நேரே அடுப்படியைக் காட்டினாள். பையனை எல்லோரும் "சின்னவன்" என்று கூப்பிட்டார்கள். அவனுக்குக் காது குத்தியபோது தாய்மாமன் எத்திராஜ்தான் மடியில் வைத்துக்கொண்டார், இடுப்புக்கு வெள்ளி அரைஞாண் போட்டதும் அவர்தான். ஐந்து வயசில் அம்மை வார்த்துப் பையன் போய்விட்டான். ஏரிக்கரையில் புதைத்துவிட்டு வந்த அன்று சாயங்காலமும் அவள்தான் உலை வைத்தாள். அந்த வீட்டில் வேறு யாருக்குப் பசி பொறுக்கும்?

அதற்கப்புறம் ஊருக்கு வந்த ஒரு பண்டாரம் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனான். சின்னஞ்சிறுசாகப் போன பிள்ளைக்குக் கர்மம் செய்ய ஆள் கிடையாது. அதனால் தனுஷ்கோடியில் இரண்டு கடல் கூடுகிற இடத்தில் முழுக்குப் போட்டு, பிள்ளையின் உடைமை ஒன்றை அவன் பேரைச் சொல்லிக் கடலில் விட்டால்தான் அவன் கரையேறுவான் என்றான். நாகம்மாள் அரைஞாணைத் துணியில் முடிந்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். வருஷங்கள் போயின. அவளுக்கென்று இருந்த ஆசை அது ஒன்றுதான்.

யுத்தத்துக்கு முந்தின வருஷம் ஆடி அமாவாசைக்கு எத்திராஜ் குடும்பம் ராமேஸ்வரம் புறப்பட்டது.

"நீயும் வா நாகு. சோத்துக்கு நீ இருந்தா எங்களுக்குக் கவலையில்ல. ஒம் புள்ளைக்கும் ஒரு முழுக்குப் போட்டுட்டு வந்துடு" என்றார் அண்ணன். அவள் அன்றைக்கு அழுத அழுகை சந்தோஷ அழுகை. பாவி மகள், நம்பினாள்!

அம்பத்தூரில் ரயிலேறி, பட்டணத்தில் இறங்கி, எழும்பூரில் போட் மெயிலைப் பிடித்தார்கள். அரிசி மூட்டை, புளிப்பானை, இரும்பு அடுப்பு எல்லாம் நாகம்மாளின் காலடியில். ராமேஸ்வரத்தில் சத்திரம் பிதுங்கி வழிந்தது. தாழ்வாரத்தில் நாலு பாய் விரிக்க இடம் கிடைத்ததே அதிர்ஷ்டம். கொஞ்சம் நகர்ந்தால் அடுத்த கூட்டம் வந்து உட்கார்ந்துவிடும். ஆக, இடத்துக்குக் காவல் யார்? மூட்டைக்குக் காவல் யார்? பின்கட்டில் அடுப்பு மூட்ட முறை வரும்போது ஓடிப்போய் உலை வைப்பது யார்? கேட்கவே வேண்டாம்.

முதல் நாள் கோயில் தீர்த்தமாடப் போனார்கள். "நாளைக்கு நீ போ" என்றார்கள். மறுநாள் தாட்சாயிணிக்குத் தலைவலி, கஞ்சி வைக்க வேண்டியிருந்தது. அதற்கடுத்த நாள், "விடிஞ்சதும் ஒம் முகத்துல முழிச்சிட்டு சாமி பாக்கப் போறதா? நீ பொறவு போ" என்றாள் அண்ணி. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே பூசாரி வரைக்கும்கூட அவள் போய்ச் சேரவில்லை. கடல் இரைச்சல் தாழ்வாரம் வரை கேட்டது. அதைக் கேட்டுக்கொண்டே வெங்காயம் உரித்தாள்.

கடைசி நாள் தனுஷ்கோடிக்குக் கிளம்பினார்கள். நாகம்மாள் தலை முழுகி, முடிச்சைக் கையில் பிடித்தபடி வாசலில் வந்து நின்றாள்.

"நீ எங்க கெளம்பிட்டே?" என்றார் எத்திராஜ்.

"நீதான அண்ணாத்தே சொன்ன? புள்ளைக்கு…"

"அப்ப மூட்டைங்கள யார் பாக்கறது? ராவிக்கு ரயிலு. கட்டுச்சோறு யார் கட்டுவாங்க, ஒங்க அண்ணியா?"

"எனக்கு வேற ஒண்ணும் வாணாம் அண்ணாத்தே. ஒரே ஒரு முழுக்கு. போனதும் வந்துடறேன்."

"ஒனக்கும் சேத்து நாங்க முழுவுறோம், போதுமா? ஊரு உலகத்துல நடக்காததா? அத்த இப்புடிக் குடு. நான் உட்டுட்டு வரேன்."

கையை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை. அவரே விரல்களைப் பிரித்து எடுத்துக்கொண்டார்.

"பேரச் சொல்லி உடணும் அண்ணாத்தே."

"தெரியும் போ. பெரிசா சொல்ல வந்துட்டா."

மடியில் உட்கார வைத்துக் காது குத்தின தாய்மாமனுக்கு மருமகன் பேரைச் சொல்லிக்கொடுப்பதா? அது மரியாதையா? நாகம்மாள் வாயை மூடிக்கொண்டாள். நான் அங்கே இருந்திருந்தால் அந்த மரியாதையைத் தூக்கி அடுப்பில் போடச் சொல்லியிருப்பேன். அவள் உள்ளே போய்ப் புளி கரைத்தாள். தானே முழுகாவிட்டாலும், உடைமை போய்ச் சேர்ந்தால் பிள்ளை கரையேறிவிடுவான் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

ராத்திரி ரயிலில் எல்லோருக்கும் இலை போட்டுப் புளிச்சோறு வைத்தாள். வைத்துவிட்டு மெல்லக் கேட்டாள்: "உட்டியா அண்ணாத்தே?"

"உட்டாச்சி, உட்டாச்சி. ஆனா அங்க ஒரு கூத்து கேளு" என்று எத்திராஜ் சிரித்தார். "ஐயரு புள்ள பேரு இன்னான்னு கேக்கறாரு. எனக்கு சட்டுனு வர்ல. சின்னவன் சின்னவன்னே கூப்ட்டமா! இவளக் கேட்டா, ஒங்க தங்கச்சி புள்ள, எனக்கு இன்னா தெரியும்ங்கறா. பின்னால ஆளுங்க நெருக்கறாங்க. சரின்னு கோயிந்தன்னு சொல்லி உட்டுட்டேன்."

தாட்சாயிணி சிரிப்பை அடக்க முடியாமல் புரையேறித் தண்ணீர் குடித்தாள்.

"சாமிக்குத் தெரியாதா, எந்தப் புள்ளைன்னு? நீ இன்னா அப்புடியே நின்னுகினு கீற? ஊறுகா வை" என்றார் எத்திராஜ்.

அரைஞாண் போய்விட்டது. வேறொருத்தன் பேரில் போய்விட்டது. அவளிடம் பிள்ளையின் உடைமை என்று இனி ஒன்றும் கிடையாது. ரயில் பாம்பன் பாலத்தில் ஏறி மெதுவாக ஊர்ந்தது, கீழே முழுக்கக் கடல். நாகம்மாள் ஊறுகாய் ஜாடியைக் கீழே வைத்துவிட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்து முகத்தை வெளியே கொடுத்தாள்.

"மதுரைவீரா!" என்று கத்தினாள். "எப்பா, மதுரைவீரா! அது ஒன்னுதுதாண்டா! ஒன்னுதுதாண்டா கண்ணு!"

பாலம் முடிகிற மட்டும் கத்தினாள். தொண்டை கட்டி வெறும் காற்று வருகிறவரைக்கும் கத்தினாள். வண்டியில் இருந்த ஜனம் பூராவும் திரும்பிப் பார்த்தது. யாரோ ஒரு கிழவர் எழுந்து நின்றேவிட்டார்.

"தே, மானத்த வாங்காத. குந்து" என்று எத்திராஜ் அவள் புடவையைப் பிடித்து இழுத்தார்.

"ஓ, அதான் பேரா?" என்றாள் தாட்சாயிணி.

"ஆமாமா, மதுரைவீரன். இப்பதான் நெனப்பு வருது" என்று எத்திராஜ் இலையை முன்னால் தள்ளினார். "இன்னும் ஒரு பிடி வை நாகு. இன்னிக்கி சோறு நல்லா அமைஞ்சிகீது."

நாகம்மாள் வைத்தாள்.