சீட்டுப் போட்ட லேப்டாப்

என்னுடைய பழைய லேப்டாப் செங்கல் கனம். ஏழு வருஷம் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு கடையத்துக்கும் தென்காசிக்கும் பஸ்ஸில் போய்வந்தேன். அதில் ஒரு கீறல் விழுந்ததில்லை, என் தோள்தான் இறங்கிப்போனது. வீட்டு பிளான் வரைவது என் தொழில். ஸ்கிரீன் இல்லையென்றால் சோறு இல்லை. இருந்தாலும் ஆசை யாரை விட்டது, போன வருஷம் அரை விரல் தடிமனில் புதிதாக ஒன்று வாங்கினேன். என் மனைவி அதை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

“ஏங்க, இதுல பாதிய கடைக்காரனே எடுத்துக்கிட்டானோ?”

இவளுக்கு என்ன தெரியும் என்று சிரித்தேன்.

மூன்றாம் மாதம், இலஞ்சியில் ஒருவருக்காக வரைந்துகொண்டிருந்த பிளானில் கூடத்துக்கு நடுவே ஒரு கறுப்புச் சுவர் நின்றது. நான் அப்படி ஒரு சுவர் வைக்கவில்லை. அழித்தேன், போகவில்லை. வேறொரு வீட்டைத் திறந்தேன், அங்கேயும் அதே சுவர். அப்புறம்தான் அது ஸ்கிரீனில் விழுந்த கோடு என்று புரிந்தது. மறுநாள் ஓரத்தில் மை கொட்டிய மாதிரி பரவிவிட்டது.

கோபம் வந்தால் எனக்கு உடனே ஒரு குற்றவாளி வேண்டும். அதே பைக்குள் தினமும் என் மதியச் சோறு எவர்சில்வர் டிபன் பாக்ஸில் வரும்.

“உன் டிபன் பாக்ஸ்தான் அமுக்கியிருக்கு” என்றேன்.

“ஏழு வருஷமா அதே டிபன் பாக்ஸ்தான போகுது?”

“அது பழைய லேப்டாப். தாங்கும்.”

“செரி. அப்பம் என் டிபன் பாக்ஸ் ஒங்ககூட வர வேண்டாம். ஓட்டல்லயே சாப்பிடுங்க.”

சொன்னபடியே மறுநாள் சோறு நின்றது. அப்போது சாரல் சீசன். குற்றாலத்தில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு வருகிறவர்களின் பசி எப்படிப்பட்டது என்று தென்காசி ஓட்டல்காரர்களுக்குத்தான் தெரியும். நான் வேலையை முடித்துவிட்டுப் போகும்போது ரசமும் அப்பளத் தூளும் மிஞ்சியிருக்கும்.

புது ஸ்கிரீன் போட்டேன். இரண்டே மாதத்தில் மறுபடியும் கோடு. பையில் டிபன் பாக்ஸ் இல்லை. அப்போதாவது நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்காமல், பையின் மேல் அவள் துவைத்த துணியை மடித்து வைத்ததைக் கண்டுபிடித்துச் சொன்னேன். அன்றிலிருந்து அவள் என்னைப் பார்த்துச் சிரிப்பதை நிறுத்திவிட்டாள். அது எனக்கு வலித்தது. ஆனால் இறங்கிப் போக மனம் வரவில்லை.

ரிப்பேர் கடைக்காரர் லென்ஸ் வைத்துப் பார்த்தார்.

“அண்ணாச்சி, இது எங்கனயோ விழுந்திருக்கு.”

“விழவே இல்ல. பிள்ளை மாதிரி வச்சிருக்கேன்.”

“பிள்ளையும் விழத்தான செய்யும்?” என்றபடி மூன்றாவது ஸ்கிரீனைப் பொருத்திக் கொடுத்தார்.

அதற்கடுத்த சனிக்கிழமை அவள் தன் தங்கையோடு ஐந்தருவிக்குக் குளிக்கப் போயிருந்தாள். சாயங்காலம் தங்கையை வழியனுப்பிவிட்டுத் தென்காசி பஸ் ஸ்டாண்டில் எனக்காக நின்றாள். சேர்ந்து ஊருக்குப் போக வேண்டும். கடையம் வழியாகப் போகும் பஸ் உள்ளே திரும்பியது. கூட்டம் அதன் கூடவே ஓடியது. நானும் ஓடினேன். ஜன்னல் கம்பிக்குள் பையை வீசினேன். சீட்டில் விழுந்தது. பிறகு நிதானமாக ஏறி, உட்கார்ந்து, பெருமையாக அவளை அழைத்தேன்.

எங்கள் பக்கம் இதற்குச் சீட்டுப் போடுவது என்று பெயர். துண்டு போடலாம், குடை போடலாம். துண்டைச் சிலர் ஒதுக்கிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள், பைக்கு மட்டும் தனி மரியாதை உண்டு. பள்ளிக்கூடத்துக்குப் போன காலத்திலிருந்து என் கை செய்கிற வேலை இது. பழைய லேப்டாப் கம்பிக்குள் நுழையாது என்பதால் அப்போதெல்லாம் நான் பாதி நாள் நின்றுகொண்டே வந்தேன். புதியது வந்தபின் தினமும் சீட்டுக் கிடைத்தது. எனக்கு நல்ல நேரம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவள் பக்கத்தில் உட்கார்ந்து, ஈரக் கூந்தலை முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

“இப்பம் என்னத்த எறிஞ்சிய?”

“எறியலயே. சீட்டுல்லா போட்டேன்?”

“பையத் தெறங்க.”

திறந்தேன். லேப்டாப்பைப் போட்டுப் பார்த்தேன். மேலிருந்து கீழ்வரை ஒரு கோடு, இந்தத் தடவை பச்சை. அவள் பைக்குள் கையை விட்டுத் துழாவினாள்.

“டிபன் பாக்ஸக் காணுமே. துணிமணியும் இல்ல” என்றாள்.

பூமி பிளந்து என்னை வாங்கிக்கொள்ளாதா என்றிருந்தது. “தப்பு என் மேலதான்” என்று அந்த நெரிசலில் சத்தமாகவே சொன்னேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கடையம் வரும்வரை திரும்பவில்லை.

திங்கட்கிழமை காலை கனமான என் பழைய லேப்டாப்பைத் தூசி தட்டி எடுத்தபோது, பைக்குள் டிபன் பாக்ஸ் இருந்தது. அதன்மேல் ஒரு பழைய துண்டு.

“சீட்டுப் போடுததுக்கு” என்றாள், முகத்தைப் பார்க்காமல்.

அன்று சாயங்காலம் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு துண்டை வீசினேன். நான் ஏறிப் போவதற்குள் ஒருவர் அதை ஓரமாகச் சுருட்டி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். கடையம்வரை நின்றுகொண்டே வந்தேன். தோளும் காலும் ஒருசேர வலித்தன.

வாசலில் கேட்டாள். “சீட்டு கெடச்சுதா?”

“இல்ல.”

வெகுநாள் கழித்து அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.